வீணாய் எரியும் வாயு

இராக் தேசத்தில் பஸ்ரா நகரைச் சூழ்ந்துள்ள எண்ணெய் வயல்களில் இரவு முழு இரவாக வருவதில்லை. உயர்ந்த இரும்புக் குழாய்களின் முனையில் தீ நாக்குகள் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தீயில் எவரும் உலை வைப்பதில்லை. அதன் உஷ்ணத்தால் ஓடும் யந்திரமும் இல்லை. எண்ணெயை எடுக்கும்போது அதனுடன் கூடவே வெளிப்படும் வாயுவைக் கொண்டுபோக வழி இல்லையென்று சொல்லி, கிணற்றடியிலேயே கொளுத்தி விடுகிறார்கள். நைஜீரியாவில் நைகர் நதியின் கழிமுகத்திலும், ருஷ்யாவின் ஸைபீரியாவிலும், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்திலும் இதே காட்சிதான்.

இவ்விதம் எரிந்துபோவது எவ்வளவு? செயற்கைக் கோள்களின் துணையைக் கொண்டு உலக வங்கி ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகிறது. 2023ல் 14,800 கோடி கன மீட்டர். 2024ல் 15,100 கோடி கன மீட்டர். ருஷ்யா, ஈரான், இராக், அமெரிக்கா, வெனிஸுவேலா, அல்ஜீரியா, லிபியா, நைஜீரியா, மெக்ஸிகோ ஆகிய ஒன்பது தேசங்களே இதில் முக்கால் பங்குக்குப் பொறுப்பாளிகள். தீயின் அளவு குறைந்துவருகிறது என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை.

இந்த வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். இதைத் தொலைதூரம் கொண்டுபோகாமல், கிணற்றருகிலேயே உபயோகமான திரவமாகவோ வேறு ரஸாயனப் பொருளாகவோ ஒரே படியில் மாற்றிவிட முடியாதா என்ற கேள்விக்கு விடை காண உலகத்து ரஸாயன சாஸ்திரிகள் நாற்பது வருஷங்களுக்கு மேலாக உழைத்து வருகிறார்கள். ‘கண்டுபிடித்தாகிவிட்டது’ என்ற செய்தி இரண்டொரு வருஷங்களுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் வெளியாகிறது. ஆயினும் தீ அணைந்தபாடில்லை. இதன் காரணத்தை நேயர்கள் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சேற்றில் பிறந்த வாயு

1776ம் வருஷத்தில் இத்தாலிய விஞ்ஞானி அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரியின் சதுப்புக் கரையில் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்தார். அவை தீப்பற்றி எரிவதைக் கண்டார். இதுவே மீத்தேனைப் பற்றிய முதல் முறையான ஆராய்ச்சி. இலை தழைகள் காற்றுப் படாமல் அழுகும் இடங்களிலெல்லாம் இது பிறக்கிறது. சதுப்பு நிலம், மாட்டின் இரைப்பை, தண்ணீர் நின்ற வயல், ஊர்க் குப்பைமேடு, சாண எரிவாயுக் கலம் எங்கும் உள்ளது இதுதான்.

அதன் அமைப்பு மிக எளியது. நடுவில் ஒரு கார்பன் அணு. அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். ஆனால் அதை அடைத்து அனுப்புவது எளிதன்று. திரவமாக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 161 டிகிரிக்கும் அதிகமாகக் குளிர்விக்க வேண்டும். குழாய் பதிப்பதென்றால் நூற்றுக்கணக்கான மைல்களுக்குப் பதிக்க வேண்டும். பெரிய வயலாக இருந்தால் அந்தச் செலவு கட்டுபடியாகும். சிதறிக் கிடக்கும் சிறு கிணறுகளுக்கு ஆகாது.

மீத்தேனுடன் ஒரே ஒரு பிராணவாயு அணுவைச் சேர்த்துவிட்டால் மெத்தனால் கிடைக்கும். இதை முன்னாளில் விறகைக் காய்ச்சி வடித்ததால் மரச் சாராயம் என்பார்கள். குடித்தால் கண்ணையும் உயிரையும் கெடுக்கும் விஷம். தொழிலுக்கோ அருமையான மூலப்பொருள். பலகைகளை ஒட்டும் பிசின், பிளாஸ்டிக், பெயின்ட், மருந்து இவற்றுக்கெல்லாம் அது அடிப்படை. கப்பல்களுக்கு எரிபொருளாகவும் வந்துகொண்டிருக்கிறது. சாதாரண உஷ்ணத்தில் திரவமாக இருப்பதால் பீப்பாயிலோ லாரியிலோ ஏற்றி அனுப்பிவிடலாம். இரண்டு மீத்தேன்களை இணைத்தால் பிளாஸ்டிக்கின் தாயாகிய எதிலீன் கிடைக்கும். ஆறு மீத்தேன்களை வளையமாகக் கோத்தால் பென்ஸீன். உலகம் ஆண்டுதோறும் 10 கோடி டன்னுக்கு மேல் மெத்தனால் உற்பத்தி செய்கிறது.

சுற்று வழி

அப்படியானால் மெத்தனாலை இப்பொழுது எப்படிச் செய்கிறார்கள்? அதற்கு ஒரு சுற்று வழி உண்டு. மீத்தேனையும் நீராவியையும் 800 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் நிக்கல் உலோகத்தின் மீது செலுத்துகிறார்கள். மீத்தேன் முற்றிலும் சிதறி, கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனுமாகப் பிரிகிறது. பிறகு அக்கலவையை மிகுந்த அழுத்தத்தில், தாமிரமும் துத்தநாக ஆக்ஸைடும் கலந்த வேறொரு பொருளின் மேல் செலுத்தி, மறுபடி கட்டுகிறார்கள். ஜெர்மனியில் லாய்னா என்ற இடத்தில் 1923ல் செயற்கை மெத்தனால் உற்பத்தி தொடங்கியது. 1966ல் இங்கிலாந்தில் குறைந்த அழுத்தத்தில் வேலைசெய்யும் முறை வந்தது. இன்றுவரை ராஜபாட்டை இதுவே.

வீட்டில் ஒரு ஜன்னலை மாற்றுவதற்காகச் சுவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, அதே செங்கற்களைக் கொண்டு மறுபடி கட்டுவதற்கு ஒப்பானது இம்முறை. ஆனாலும் அது நிச்சயமாகப் பலன் தருகிறது. குறை யாதெனில், பெரிய ஆலையாக இருந்தால்தான் கட்டுபடியாகும். மூலதனத்தில் பாதிக்கு மேல் மீத்தேனைச் சிதறடிக்கும் பகுதிக்கே போய்விடும். கத்தார் தேசத்தில் ராஸ் லஃபான் என்ற இடத்தில், வாயுவை இவ்விதம் பிரித்துத் திரவ எண்ணெயாக மாற்றுவதற்கென ஷெல் கம்பெனி நிறுவிய ‘பேர்ல்’ ஆலைக்கு 1,800 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் செய்யும் அத்தகைய ராக்ஷஸ ஆலையைப் பஸ்ராவிலுள்ள ஒவ்வொரு கிணற்றடியிலும் வைக்க முடியுமா? முடியாது. ஆகவேதான் நேர்வழியைத் தேடுகிறார்கள்.

உடைப்பது எளிது, நிறுத்துவதே கடினம்

நேர்வழியில் உள்ள இடையூறு என்ன? மீத்தேனின் பிணைப்பு மிக உறுதியானது, அதை உடைப்பது அரிது என்று சாதாரணமாகச் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் மீத்தேன் உடைந்துவிடுகிறதே! அடுப்பில் எரிவது உடைந்த மீத்தேன்தானே! உடைப்பதல்ல, உடைத்தபின் வேண்டிய இடத்தில் நிறுத்துவதே கஷ்டம்.

மீத்தேனில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள பிணைப்பை அறுக்க மோல் ஒன்றுக்கு 439 கிலோஜூல் சக்தி தேவை. மெத்தனாலில் அதே விதப் பிணைப்பை அறுக்க 402 கிலோஜூல் போதும். அதாவது, நாம் விரும்பிச் செய்யும் பொருள், மூலப்பொருளைக் காட்டிலும் பலவீனமானது. மீத்தேனைத் தாக்கும் வலிமையுள்ள எதுவும் மெத்தனாலை அதைவிட எளிதில் தாக்கும். பிறந்த மெத்தனால் மறுகணமே பிராணவாயுவுக்கு இரையாகி, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் முடிந்துபோகிறது. மாடியிலிருந்து உருளும் பந்தை நடுப்படியில் நிற்கச் சொல்வது போன்ற வேலை இது.

இவ்விடத்தில்தான் கிரியா ஊக்கியின் உதவி தேவைப்படுகிறது. ரஸாயன மாறுதலை விரைவாக்கித் தான் மட்டும் செலவழியாமல் நிற்கும் பொருளுக்கு ஊக்கி என்று பெயர். திடமான ஊக்கியானால் வாயு அதன் மேல் பரவி, மாறி, அப்பால் போய்விடும். ஊக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். வடிகட்ட வேண்டியதில்லை, மாதக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஊக்கியால் எந்த விதியையும் மீற முடியாது. பல பாதைகள் இருந்தால் ஒரு பாதையை அகலப்படுத்தலாம், அவ்வளவே. ‘இந்தப் படியில் நில்’ என்று சொல்லக்கூடிய திட ஊக்கி எது என்பதே ஆராய்ச்சியின் சாரம்.

நான்கு கேள்விகள்

நியாயஸ்தலத்தில் சாக்ஷி சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. குறுக்கு விசாரணை செய்த பிறகே அதன் மதிப்பு தெரியும். மீத்தேனை மாற்றிவிட்டோம் என்று வரும் எந்தச் சாக்ஷியையும் பின்வரும் நான்கு கேள்விகள் கேட்டுவிட வேண்டும்.

முதலாவது: உள்ளே போன நூறு பங்கு மீத்தேனில் எத்தனை பங்கு மாறிற்று? இரண்டாவது: மாறியதில் எத்தனை பங்கு நாம் கேட்ட பொருளாயிற்று, எத்தனை பங்கு கரியாகவும் கரியமில வாயுவாகவும் வீணாயிற்று? மூன்றாவது: மாற்றுவதற்காகச் சேர்த்த பொருள் யாது, அதன் விலை என்ன? நான்காவது: ஊக்கி எத்தனை காலம் உழைத்தது?

இவற்றில் முதல் இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள் போன்றவை. ஒன்று உயர்ந்தால் மற்றது தாழும். நூற்றுக்கு 99 பங்கு சுத்தமான மெத்தனால் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மாறியதே நூற்றில் ஒரு பங்காக இருக்கும். ஆகவே இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அப்பொழுதுதான் உண்மையான விளைவு வெளிப்படும்.

சாக்ஷிகளின் வரிசை

1982ல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியைச் சேர்ந்த கெல்லர், பாஸின் என்ற இருவர், உலோக ஆக்ஸைடுகளின் மீது மீத்தேனையும் பிராணவாயுவையும் மாற்றி மாற்றிச் செலுத்தி, இரண்டு மீத்தேன்களை இணைத்து எதிலீன் செய்யலாம் என்று காட்டினர். உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் விழித்துக்கொண்டன. 1985ல் லன்ஸ்போர்டு என்பவர் மக்னீஸிய ஆக்ஸைடில் லிதியம் சேர்த்த ஊக்கியைக் கொண்டு நூற்றுக்கு 38 பங்கு மீத்தேனை மாற்றினார். அதில் பாதி உபயோகமான பொருள். ஆக விளைவு 19 பங்கு. ஆனால் நான்காவது கேள்வியில் அந்தச் சாக்ஷி தடுமாறியது. கடும் உஷ்ணத்தில் லிதியம் ஆவியாகிப் போய்க்கொண்டேயிருந்தது. 1992ல் சீனாவின் லான்ஜோ நகரத்து விஞ்ஞானிகள் சிலிகாவின் மீது மாங்கனீஸும் ஸோடியம் டங்ஸ்டேட்டும் சேர்த்துச் செய்த ஊக்கி அதைவிட உறுதியாக நின்றது. இன்றும் இத்துறையில் பிறவற்றை அதனுடன்தான் ஒப்பிடுகிறார்கள்.

ஆயினும் இந்த வழியில் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு என்ற எல்லையைத் தாண்டுவது பெரும்பாடாக இருக்கிறது. ஏனென்றால், இணைப்பு ஊக்கியின் மேற்பரப்பில் மட்டும் நடப்பதில்லை. அங்கே ஹைட்ரஜனை இழந்த மீத்தேன் துண்டுகள் வெளியே பறந்து, வாயு வெளியில் ஒன்றோடொன்று மோதி இணைகின்றன. வெளியே பறப்பவற்றை ஊக்கி எப்படிக் கட்டுப்படுத்தும்? அங்கு காத்திருக்கும் பிராணவாயுவும் அவற்றைத் தின்றுவிடுகிறது. 2008ல் தோன்றிய ஸிலூரியா என்ற அமெரிக்கக் கம்பெனி, மெல்லிய நூல் போன்ற ஊக்கிகளைச் செய்து, 2015ல் டெக்ஸாஸில் லா போர்ட் என்ற ஊரில் மாதிரி ஆலையே நிறுவியது. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் பெரிய ஆலைகள் தொடர்ந்து எழவில்லை. 2019ல் அதன் சொத்துக்கள் வேறொரு கம்பெனியின் கைக்குப் போயின. சோதனைக் குழாயில் வென்றது சந்தையில் வெல்லும் என்ற நிச்சயமில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

பிராணவாயுதானே பகைவன், அதையே விலக்கிவிட்டால் என்ன என்று எண்ணினவர்களும் உண்டு. 1993ல் சீனாவின் டாலியன் நகரில், மாலிப்டினம் ஏற்றிய ஸியோலைட் என்ற நுண்துளைப் பொருளின் மீது 700 டிகிரியில் மீத்தேனை மட்டும் செலுத்திப் பென்ஸீன் எடுத்தார்கள். அத்துளைகள் பென்ஸீன் மூலக்கூறு நுழையும் அளவே உள்ளவை. ஆகவே பெரிய பொருள்கள் உருவாக இடமில்லை. யோசனை அழகானது. ஆனால் அந்த உஷ்ணத்தில் நூற்றுக்குச் சுமார் 12 பங்குக்கு மேல் மாற இயற்கை விதியே இடம் தராது. அதோடு சில மணி நேரத்தில் துளைகளில் கரி படிந்து அடைத்துக்கொள்கிறது. கரியை எரித்து நீக்கி மறுபடி தொடங்க வேண்டும். 2016ல் நார்வே, ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானிகள், பிறக்கும் ஹைட்ரஜனைக் கூடவே வெளியேற்றும் பீங்கான் சவ்வைச் சேர்த்து இந்த இரண்டு குறைகளையும் ஓரளவு தணித்தனர். பொருளை உடனுக்குடன் விலக்கினால் விதியின் எல்லை தளரும் என்பதற்கு இது நல்ல அத்தாக்ஷி.

அதே டாலியன் நகரத்தார் 2014ல் இன்னொரு படி சென்றனர். சிலிகாவுக்குள் இரும்பு அணுக்களை ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகச் சிறைவைத்தனர். தனித்த இரும்பின் அருகே இன்னொரு இரும்பு இல்லாததால் கரி கட்டுவதற்கு வாய்ப்பில்லை. 1,090 டிகிரி உஷ்ணத்தில் நூற்றுக்கு 48 பங்கு மீத்தேன் மாறிற்று; எதிலீனும் பென்ஸீன் முதலியவையும் கிடைத்தன; 60 மணி நேரம் தளராமல் உழைத்தது. சிறந்த சாக்ஷிதான். ஆனால் 1,090 டிகிரி என்பது மிகக் கடுமையான உஷ்ணம். அந்த உஷ்ணத்தைத் தாங்கும் உலையும், அதைக் கொடுக்கும் எரிபொருளும் கணக்கில் சேர வேண்டுமல்லவா?

பாக்டீரியாவிடம் கற்ற பாடம்

இவ்வளவு கடுமையும் வேண்டாம் என்பது போல், சதுப்பு நிலங்களிலுள்ள ஒருவகைப் பாக்டீரியாக்கள் சாதாரண உஷ்ணத்திலேயே மீத்தேனை மெத்தனாலாக மாற்றிவிடுகின்றன. ஒருவகை என்ஸைமில் இரண்டு இரும்பு அணுக்கள். மற்றொரு வகையில் தாமிரம். இதைப் பார்த்த விஞ்ஞானிகள், அதே உலோகங்களை ஸியோலைட்டின் துளைகளில் அமைத்தால் என்ன என்று முயன்றனர். ஸைபீரியாவின் நோவோஸிபிர்ஸ்க் நகரில் பானோவ் என்பவரின் கூட்டத்தார் இரும்பைக் கொண்டும், 2005ல் பெல்ஜியத்தின் லூவென் சர்வகலாசாலையார் தாமிரத்தைக் கொண்டும் இதைச் சாதித்தார்கள்.

தாமிர முறையில் தந்திரம் ஒன்று உண்டு. முதலில் 450 டிகிரியில் பிராணவாயுவை ஊட்டி, தாமிரத்துடன் அதைப் பிணைத்துவிடுகிறார்கள். எஞ்சிய பிராணவாயுவை வெளியேற்றிவிட்டு, அதைவிடக் குளிர்ந்த நிலையில் மீத்தேனை விடுகிறார்கள். மெத்தனால் தாமிரத்தோடு ஒட்டிக்கொள்கிறது; தின்பதற்கு வேறு பிராணவாயு அங்கே இல்லை. கடைசியில் தண்ணீரைக் கொண்டு கழுவி எடுத்துக்கொள்கிறார்கள். நிறுத்தும் வித்தை கைவந்துவிட்டது; ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கிடைப்பது சொற்பம். சூடேற்றி, குளிரச் செய்து, கழுவி, மறுபடி சூடேற்றுவதிலேயே பொழுது போய்விடுகிறது. 2017ல் ஸ்விட்ஜர்லாந்து விஞ்ஞானிகள் பிராணவாயுவுக்குப் பதில் தண்ணீரையே பயன்படுத்தி நூற்றுக்கு 97 பங்கு சுத்தமான மெத்தனால் கிடைப்பதாகத் தெரிவித்தனர். விலையற்ற பொருளால் வேலை முடிகிறதே என்ற மகிழ்ச்சியுடன், வெப்பக் கணக்கு சரிப்படாது என்ற ஆட்சேபமும் உடனே எழுந்தது.

மூன்றாவது கேள்வியின் அருமை இனித்தான் தெரியும். 2012ல் கார்டிஃப் நகரத்து விஞ்ஞானிகள், இரும்பும் தாமிரமும் ஏற்றிய ஸியோலைட்டையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் கொண்டு 50 டிகிரியிலேயே நூற்றுக்கு 10 பங்கு மீத்தேனை மாற்றினர். மாறியதில் 93 பங்கு மெத்தனால். 2020ல் சீனாவின் ஸேஜியாங் சர்வகலாசாலையார், பெராக்ஸைடை ஊக்கிக்குள்ளேயே பிறக்கச் செய்து, 70 டிகிரியில் 17 பங்கை மாற்றினர். 92 பங்கு சுத்தம். முதல் இரண்டு கேள்விகளுக்கும் இவை பிரமாதமான விடைகள். ஆனால் பெராக்ஸைடு மெத்தனாலைவிட விலை உயர்ந்தது. அதைப் பிறப்பிக்க வேண்டிய ஹைட்ரஜனை இன்று உலகம் பெரும்பாலும் எதிலிருந்து எடுக்கிறது? மீத்தேனிலிருந்துதான்! தேங்காயை விற்று மாங்காயை வாங்குவதற்கு லாபக் கணக்கு எழுதுவது போலாகும்.

2023ல் டாலியன் நகரத்தார், மாலிப்டினம் ஸல்பைடு என்ற பொருளின் விளிம்புகளில், சாதாரணப் பிராணவாயுவைக் கொண்டே, 25 டிகிரியிலேயே மீத்தேனை மாற்றிக் காட்டினர். நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்று மேல் மாறிற்று. மாறியதில் ஏறக்குறைய முழுவதும் உபயோகமான பொருள். மலிவான பிராணவாயுவும் குறைந்த உஷ்ணமும் ஒருங்கே அமைந்ததால் இதைப் பெரிதாகக் கருதுகிறோம். 4 என்பது வளர்ந்தால்தான் வழக்கு வெல்லும்.

பாக்டீரியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. அது மெத்தனாலைச் சேமித்து வைப்பதில்லை. உண்டாக்கிய உடனே அடுத்த என்ஸைமிடம் கொடுத்து உணவாக்கிக்கொள்கிறது. பிராணவாயு மூலக்கூறிலுள்ள இரண்டு அணுக்களில் ஒன்றை மெத்தனாலில் சேர்த்து, மற்றதைத் தண்ணீராக்குகிறது. அதற்கான சக்தியைத் தன் உணவிலிருந்தே செலவிடுகிறது. இயற்கையும் இலவசமாக எதையும் செய்வதில்லை. நாம் மட்டும் இலவசத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

நமக்கு என்ன?

இந்தியாவில் அஸ்ஸாமிலுள்ள நாம்ரூப் என்ற ஊரில் இயற்கை வாயுவிலிருந்து மெத்தனால் செய்யும் ஆலை நெடுங்காலமாக நடக்கிறது. நாளொன்றுக்கு 500 டன் செய்யும் புதிய ஆலை அங்கு 2023 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. இவையெல்லாம் சுற்று வழியில் ஓடுபவை. நமக்கு வேண்டிய மெத்தனாலில் பெரும்பகுதி இன்னும் வெளிநாடுகளிலிருந்தே கப்பலில் வருகிறது. ஆகவே நேர்வழி கைகூடினால் நமக்கும் லாபம் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் மீத்தேன் என்ற சொல் ரஸாயனப் புத்தகத்திலிருந்து ஜனங்களுக்கு வரவில்லை; காவிரிப் படுகையில் நிலக்கரிப் படிவத்திலுள்ள மீத்தேனை எடுக்கும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் நடத்திய போராட்டத்திலிருந்து வந்தது. 2020ல் தமிழ்நாடு சட்டசபை, டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிதாக எண்ணெயும் வாயுவும் தேடித் துளையிடுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. நேர்வழி ஊக்கி நாளைக்கே கிடைத்தாலும் அந்த வழக்கின் நியாயம் மாறிவிடாது. வெளியே வந்து வீணாகும் வாயுவை என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. நெல் விளையும் பூமியைத் துளைக்கலாமா என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குக் கிடைக்கும் விடையைப் பின்னதற்குச் சாக்ஷியாக யாரேனும் கொண்டுவந்தால், ‘இது இவ்வழக்குக்குச் சம்பந்தமற்றது’ என்று ஆட்சேபிக்க ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் ஊக்கியும்

இறுதியாக, தீக்கு வருவோம். கொளுத்திவிட்டால் மீத்தேன் ஒழிந்தது என்று கம்பெனிகள் சொல்லி வந்தன. 2022ல் அமெரிக்காவில் விமானங்களிலிருந்து அளந்து பார்த்தபோது, அணைந்துபோன தீக்குழாய்களையும் சரியாக எரியாதவற்றையும் சேர்த்தால், நூற்றுக்கு 91 பங்கு மீத்தேனே அழிகிறது, மீதி அப்படியே வானில் கலக்கிறது என்று தெரியவந்தது. முதல் இருபது வருஷங்களை எடுத்துக்கொண்டால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது மீத்தேன். ஆகவே இந்த நஷ்டம் எண்ணெய்க்காரனுக்கு மட்டும் உரியதல்ல. மழையை நம்பி உழுகிறவனுக்கும் உரியது.

இதைத் தடுக்க ஊக்கி வரும்வரை காத்திருக்க வேண்டுமா? நார்வே காத்திருக்கவில்லை. 1971லேயே, சோதனைக்கான சொற்பக் காலம் தவிர வாயுவைக் கொளுத்தலாகாது என்பதை அத்தேசத்துப் பார்லிமெண்டு தன் எண்ணெய்க் கொள்கையாக வைத்தது. 1991ல் கரியமில வாயுவுக்கு வரியும் போட்டது. அங்கே வாயுவைப் பூமிக்குள்ளேயே திருப்பிச் செலுத்துகிறார்கள், அல்லது குழாய் போட்டு விற்கிறார்கள். நைஜீரியாவிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1979ல் சட்டம் இயற்றி, 1984 ஜனவரி முதல் அனுமதியின்றிக் கொளுத்தக்கூடாது என்றார்கள். 2005ல், கொளுத்துவது மனிதனின் ஜீவ உரிமைக்கு விரோதம் என்று அங்குள்ள நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆயினும் அனுமதிச் சீட்டுகளும் அற்ப அபராதங்களும் தொடர்ந்தன; தீயும் தொடர்ந்தது. எழுதிவைத்த சட்டத்துக்கும் நடத்திவைக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

ஆகவே நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். பெரிய வயல்களில் எரியும் தீயை இன்றுள்ள சாதனங்களாலேயே அணைக்கலாம். அதற்கு வேண்டியது சர்க்காரின் உறுதி. ‘நேர்வழி ஊக்கி வருகிறது, அதுவரை பொறுங்கள்’ என்று எந்தக் கம்பெனியாவது வாய்தா கேட்டால் அதைக் கொடுக்கலாகாது. நாற்பது வருஷ வாய்தா போதும். ஆனால் குழாயும் எட்டாத, சிதறிய சிறு கிணறுகளும் குப்பைமேடுகளும் சாண எரிவாயுக் கலங்களும் எங்கும் உண்டு. அவற்றின் மீத்தேனுக்கு, சிறிய உலையில், மலிவான பிராணவாயுவைக் கொண்டு, சூடு அதிகமின்றி வேலைசெய்யும் திட ஊக்கியே தக்க பரிகாரம். அதற்கான ஆராய்ச்சிக்கு நமது சர்வகலாசாலைகளும் சர்க்காரும் தாராளமாகப் பொருள் ஒதுக்க வேண்டும். ‘வெற்றி’ என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் நேயர்கள் மகிழ்ச்சி அடைவதற்கு முன் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கட்டும். எத்தனை மாறிற்று, எத்தனை தேறிற்று, எதைக் கொடுத்து மாற்றினார்கள், எத்தனை நாள் உழைத்தது? நான்குக்கும் நேரான விடை சொல்லும் சாக்ஷி வரும் நாளில், அதை முதன்முதலில் வரவேற்பவர்கள் நாமாகவே இருப்போம்.